புறாத்தீவு: கால் ஊன்றாமல் கடல் பார்க்க

இலங்கையின் கிழக்கே, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஒரு கிலோமீற்றர்தான். படகில் ஏறி, பாதுகாப்பு அங்கியின் வாரை இழுத்துக் கட்டி நிமிர்வதற்குள் தீவு வந்துவிடும். பெரும் பாறைகள், நடுவில் பற்றைக்காடு, நடந்து சுற்ற அரை மணி நேரம்கூடத் தேவைப்படாத அளவு. அருகிலேயே அதைவிடச் சின்னதாக இன்னொன்று. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன் முதல்முறை போனபோது எனக்கு நீந்தவும் தெரியாது, மிதக்கவும் தெரியாது. முழங்கால் ஆழத்தில் குப்புறப் படுத்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நின்றேன். காலடியில் மொறுக்கென்று ஏதோ முறிந்தது. கூட வந்த படகோட்டித் தம்பி கத்தினான்: "அக்கா, காலை எடுங்கோ! அது கல்லில்லை, உயிர்."

எங்கள் பக்கம் பவளத்தை முருகைக்கல் என்போம். சுண்ணாம்பு சுட எடுத்த கல் என்றுதான் அதை அறிந்திருந்தேன். பெயரிலேயே கல் இருக்கும்போது அதற்கு வாயும் வயிறும் உண்டென்று எப்படி நினைப்பேன்? அன்று நான் முறித்தது மான்கொம்புபோல் கிளை விடும் இனம். விரல் நீளத் துண்டு. அது ஓரளவு வேகமாக வளரும் வகை. மூளைபோல் உருண்டு கிடக்கும் முருகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய விஷயம். அந்த மொறுக்குச் சத்தம் நெடுநாள் என் காதிலேயே இருந்தது. ஊர் திரும்பி முதலில் மிதக்கப் பழகினேன், அப்புறம் நீந்த. இந்த வருடம்தான் மறுபடி அங்கே போகத் துணிவு வந்தது.

போவதென்றால் மே முதல் செப்டெம்பர் வரை போங்கள். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. காலையில் முதல் படகைப் பிடியுங்கள். பத்து மணிக்குப் பிறகு கரையில் கால் வைக்க இடமிருக்காது, அத்தனை கால்களும் தண்ணீருக்குள்தான் இறங்கும்.

இந்த முறை இறங்குமுன் கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தடவிக் கழுவினேன். ஆவி படியாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. நீண்ட கைச்சட்டை போட்டிருந்ததால் முதுகுக்குக் களிம்பு தேவைப்படவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மணல் திட்டாகப் பார்த்து நின்று, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, மெல்ல முன்னால் சாய்ந்தேன். உடம்பைத் தளர்த்தினால் உப்புத் தண்ணீர் தானாகத் தூக்கும். தலையை நிமிர்த்தினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் முருகையில் இடிக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

கிளிமீனை முதலில் காதால்தான் கண்டேன். யாரோ பக்கத்தில் கற்கண்டு கடிப்பதுபோல் கறுக் கறுக் என்று சத்தம். தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும், ஆகவே எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காதால் பிடிக்க முடியவில்லை. பிறகுதான் பார்த்தேன். பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த உடம்பு, கிளி அலகுபோல் ஒட்டிய பற்கள். பாறையைக் கொத்தியது, நகர்ந்தது, மறுபடி கொத்தியது. பாறையில் படர்ந்த பாசிதான் அதன் உணவு. கூடவே உள்ளே போகும் கல்லை அரைத்து மணலாக வெளியே விடும். என் கண் முன்னாலேயே ஒரு வெள்ளைப் புகை அதன் வாலடியிலிருந்து இறங்கிக் கலைந்தது. இந்த மீன் இல்லாவிட்டால் பாசி மூடி முருகை மூச்சுத் திணறிவிடும்.

சுறாவைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். நானும் பார்த்தேன். துடுப்பு முனைகளை மையில் தொட்டெடுத்தாற்போல் கறுப்பு, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட இருக்கும். மூன்று சுறாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போயின. துரத்தாமல் அசையாமல் கிடந்தால் அவையே திரும்பி வரும்.

மறுநாள் காற்று உருளையோடு சுழியோடினேன், பயிற்றுநர் பக்கத்திலேயே இருந்தார். மூக்கைப் பொத்தி ஊதிக் காதடைப்பை நீக்கிக்கொண்டே இறங்க வேண்டும். பத்து மீற்றர் இறங்கினால் உடம்பின் மேலுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மேலே வரும்போது மட்டும் மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரலுக்குள் விரியும் காற்றுக்கு வழி விட வேண்டும். முந்தைய நாள் திருகோணமலைக் கோணேசர் கோயிலில் மணிக்கட்டில் கட்டிய சிவப்பு நூலைக் கீழே பார்த்தேன், மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. பயிற்றுநர் டார்ச் அடித்ததும் நூல் பளிச்சென்று சிவந்தது. பக்கத்துப் பாறையும் அப்படியே செம்மஞ்சளாகத் தீப்பிடித்தது. அந்த நூலைக் கட்டிய கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிக் கடலில்தான், 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் சுழியோடிப் பழைய கோயிலின் சிதைவுகளைப் படம் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயில் அது.

எல்லாமே அழகாக இருந்தது என்று எழுத மாட்டேன். தீவின் கரையில் மணலைவிட உடைந்த முருகைத் துண்டுகள்தான் அதிகம். வெளுத்து, கண்கண்ணாகத் துளை விழுந்து, நடந்தால் ஓட்டுச் சல்லிபோல் கலகலக்கிறது. அலை உடைத்தது உண்டு, கடல் சூடேறி வெளிறிச் செத்தது உண்டு, என்னைப்போன்றவர்கள் மிதித்து முறித்ததும் உண்டு. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்தேன்.

புறப்படும் நேரம், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று முருகைத் திட்டின் மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டதாம். கையைப் பிடித்து மணல் பக்கம் கூட்டி வந்து, கண்ணாடியைக் கழுவி மாட்டிவிட்டு, வயிற்றின் கீழ் என் கையை வைத்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் காலை உதைத்தாள், பிறகு அடங்கினாள். கையை எடுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கி, குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"அன்ரி, கீழ ஆரோ கற்கண்டு கடிக்கினம்!"