வேளாங்கண்ணி நடைபயணத்தைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து திட்டமிடுங்கள்

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குக் கொடியேறும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான் சென்னையிலிருந்து பல குழுக்கள் கிளம்புகின்றன. காவி உடை, சிறிய மாதா தேர், ஒலிபெருக்கி, சமையல் சாமான் ஏற்றிய வேன் எல்லாம் தயாராக இருக்கும். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) எந்த நாளில், நற்கருணை (இயேசுவின் உடலாக வாங்கும் அப்பம்) எந்தத் திருப்பலியில் (பூசையில்) என்பதை மட்டும் யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். கடைசியில் நெரிசலில் கொடியைப் பார்த்து, மொட்டை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அன்றிரவே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இது பெரிய இழப்பு. நற்செய்தி நூல்களில் இயேசுவின் தாய் மரியா கடைசியாகப் பேசியது கானாவூர்த் திருமணத்தில்தான்: “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்” (யோவான் 2:5). அன்னையிடம் போகிறவரை அவர் தம் மகனிடம்தான் அனுப்புகிறார். ஆகவே பயணத்தின் முடிவு பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும். அதிலிருந்து பின்னோக்கித்தான் நாள் கணக்குப் போட வேண்டும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று போனால் சுமார் 320 கி.மீ. நாளைக்கு 30 கி.மீ. என்றால் 11 நாள், நடுவில் ஓய்வுக்கு ஒரு நாள். ஆகஸ்ட் 16 காலை கிளம்பினால் 27 மாலை சேரலாம். கொடியேற்றத்துக்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு நாள்தான் இந்தத் திட்டத்தின் உயிர். கூட்டம் பெருகும் முன்பே அவசரமில்லாமல் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும்.

காலை 4 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் 20 கி.மீ., மாலை 5 மணிக்குமேல் மீதி 10 கி.மீ. ஆகஸ்ட் வெயிலில் நண்பகலில் தார்ச்சாலையில் நடப்பது பக்தியல்ல, ஆபத்து. சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். இருட்டில் ஒளிரும் பட்டை அணியுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், ஒரு மாதமாவது போட்டுப் பழகியது வேண்டும். கொப்புளத்தின் தோலை உரித்தால் சீழ் பிடிக்கும். சுத்தம் செய்து மூடிக்கட்டுங்கள். மயக்கம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வியர்வையில் நீரும் உப்பும் போவதுதான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (இரண்டும் தலைதட்டி) கலந்து வேனில் எப்போதும் வைத்திருங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடப்பதாக நேர்ந்துகொள்ளவே கூடாது. ஏற்கெனவே நேர்ந்திருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அதைத் தகுந்த வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஜெபத்துக்கும் இதே அளவு ஒழுங்கு தேவை. பாட்டோடு சேர்த்து ஒரு செபமாலை அரைமணி நேரம், ஏறக்குறைய 2 கி.மீ. அதில் நாளுக்கு ஒரு வகை மறையுண்மைகளை (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளை) தியானிக்க வேண்டும்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. வாயால் சொல்லிக்கொண்டே போகாமல், செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன் அந்த நிகழ்ச்சி வரும் நற்செய்திப் பகுதியிலிருந்து இரண்டு வசனம் வாசித்தால் மனம் இயேசுவிடம் நிற்கும். பகல் ஓய்வில் திருப்பாடல்கள் 120 முதல் 134 வரை நாளுக்கு ஒன்றோ இரண்டோ. எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடிய 15 பாடல்கள் அவை. தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். நாள் முழுக்க அது அலறினால் உள்ளே எதுவும் கேட்காது.

நேர்ச்சையிலும் ஒரு தவறு நேர்கிறது. “இவ்வளவு நடந்தேன், நீர் இதைக் கொடுக்க வேண்டும்” என்று கடவுளிடம் கணக்குத் தீர்க்கப் போகிறவர், கேட்டது கிடைக்காதபோது விசுவாசத்தையே விட்டுவிடுகிறார். வேண்டுதலைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சொன்னதுபோல, உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றும் சொல்லுங்கள்.

நாகையிலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 11 கி.மீ. எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்கு லூக்கா சொல்லும் தொலைவும் கிட்டத்தட்ட அதுவே. கிளம்பும் முன் லூக்கா 24:13-35 வாசியுங்கள். எம்மாவுக்கு நடந்துபோன இரு சீடர்களுக்கும் நடந்த செய்தியெல்லாம் தெரியும், கல்லறை வெறுமையாக இருந்ததுகூடத் தெரியும். ஆனாலும் உடன் நடப்பவர் உயிர்த்த இயேசு என்று அடையாளம் தெரியவில்லை. அவர் மறைநூலை விளக்கியபோது உள்ளம் பற்றியெரிந்தது. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. திருப்பலியும் அதே வரிசையில்தான் நடக்கிறது: முதலில் இறைவார்த்தை, பிறகு அப்பம். இந்தக் கடைசி நடையில் யாரோடும் பேசாமல், செய்த பாவங்களை நினைத்துப் பார்த்து ஆன்ம சோதனை செய்யுங்கள்.

சேர்ந்ததும் முதலில் குளியல், தூக்கம். மறுநாள் பாவசங்கீர்த்தனம்: மனம் வருந்தி, திருந்துவதாக உறுதியெடுத்து, மறைக்காமல் சொல்லி, குருவானவர் தரும் பரிகாரத்தை நிறைவேற்றுவது. பிறகு திருப்பலி. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழந்தாளிட்டுப் போவது கட்டாயமல்ல. காலில் புண் இருந்தால் அங்குள்ள 14 சிலுவைப்பாதை நிலைகளிலும் நின்று ஜெபித்தபடி நடந்தே போகலாம். மொட்டை, மெழுகுவர்த்தி, தென்னங்கன்று எல்லாம் இதற்குப் பிறகு.

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ கேளுங்கள். யார் பணம் உங்களிடம் இருக்கிறதோ திருப்பிக் கொடுங்கள். வரி வசூலித்த சக்கேயு அதை, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார், நாலு மடங்காகத் தருகிறேன் என்று.