துப்பாக்கியின் பேரலைக் குறை சொல்வதற்கு முன்: ஏர் ரைபிளை வைஸில் பூட்டிச் சுட்ட அனுபவம்

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். அவளுடைய துப்பாக்கி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சில மாதங்களாக, நன்றாக விழுந்திருக்கும் என்று அவள் நினைக்கிற ஷாட்டே 9.8, 9.7 என்று காட்டியது. "பேரல் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். புது பேரல், அதாவது குண்டு பாய்ந்து வரும் குழல், எங்களுக்குப் பெரிய செலவு. அவளுடைய கோச், "துப்பாக்கியை யாரும் பிடிக்காம சுட்டுப் பாருங்க சார். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

இந்த விளையாட்டின் அளவுகள் அவ்வளவு நுணுக்கமானவை. டார்கெட்டின் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ., பெல்லட் என்கிற ஈயக் குண்டு 4.5 மி.மீ. பெல்லட்டின் மையம் டார்கெட்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகும்போதும் 0.1 புள்ளி குறையும், 2.5 மி.மீ. தாண்டினால் பத்து கிடையாது. துப்பாக்கியே சிதறடித்தால் பிள்ளையின் உழைப்புக்கு என்ன மரியாதை?

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பொருளை இறுக்கிப் பிடிக்கும் கனமான மெஷின் வைஸ் ஒன்றுக்கு அலுமினியத் தாடைகள் செய்து, உள்பக்கம் ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளித் துணி) ஒட்டி வாங்கினேன். கிளப்பில் கான்கிரீட் மேடை மேல் அதை போல்ட் போட்டு இறக்கினோம். தோளில் அணைக்கும் கட்டையைக் கழற்றிவிட்டு, பெல்லட் போடும் இடத்தை ஒட்டிய உலோக உடலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். பேரலை நெரித்தால் உள்துளை மாறிவிடும். காற்று சிலிண்டரைத் தாடைக்குள் கொடுக்கவே கூடாது, அது ஆபத்து. ஒவ்வொரு குரூப்புக்கு (ஒரே குறியில் சுடும் ஷாட்டுகளின் தொகுதி) முன்னும் பின்னும் சைட் வழியாகப் பார்த்து, குறி அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். வைஸ் நகர்ந்தால் பழி பேரல் மேல் விழும்.

ஃபெல்ட் பெல்லட்டால் பேரலைத் துடைத்த பிறகு சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். அப்புறம் அவள் வழக்கமாகச் சுடும் டப்பா, கூடவே பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று போட்ட வேறு லாட்டுகள் (லாட் என்றால் ஒரே தடவையில் தயாரான தொகுதி). ஒரே லாட்டைத் தொடர்ந்து சுடாமல் மாற்றி மாற்றிச் சுட்டோம். சிலிண்டர் அழுத்தம் குறைவதோ வெயில் ஏறுவதோ ஒரு லாட்டை மட்டும் பாதிக்கக் கூடாதில்லையா? குரூப்புக்கு 10 ஷாட். மூன்று ஷாட் ஒரே ஓட்டையில் விழுவது எந்தத் துப்பாக்கியிலும் நடக்கும், அதை நம்பவே கூடாது. பின்விளிம்பு நசுங்கிய பெல்லட்டுகளை என் மகள் விரல் நுனியில் உருட்டிப் பார்த்தே ஒதுக்கினாள்.

வெர்னியர் காலிப்பரில் ஓட்டையின் வெளிவிளிம்புகளை அளந்து 4.5-ஐக் கழித்தால் மையங்களின் விலகல் கிடைக்கும். கழிக்காமல், வெளிவிளிம்பு அளவாகவே சொன்னால், பழைய டப்பா திரும்பத் திரும்ப 7.5 மி.மீ.க்கு மேல்தான் காட்டியது. 4.49-இல் ஒரு லாட் 5.3-ஐத் தாண்டவே இல்லை. அட்டையில் பத்து பெல்லட்டும் சேர்ந்து, ஓரம் லேசாகத் தேய்ந்த ஒற்றை ஓட்டை. அதே பேரல்தான்! அவள் அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அப்போ என் கையும் சரிதான்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடையில் அந்த லாட்டில் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் வாங்கிவிட்டோம். தலை அளவு ஒன்றாக இருந்தால் போதாது, ஸ்டிக்கரில் உள்ள லாட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அளந்த அட்டைகளின் பின்னால் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். பெல்லட் ஈயம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். வைஸ் இப்போது கிளப்பிலேயே இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாக அதில் ஏறுகின்றன.