பிளஸ் ஒன்னில் புவியியல்

அக்கா மகள் பிளஸ் ஒன்னில் புவியியல் எடுத்திருக்கிறாள். "அதைப் படிச்சு என்னடி பண்ணப் போற?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கணிதமோ வணிகவியலோ எடுத்திருந்தால் ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

நேற்று செய்முறைக்காக ஒரு டோப்போஷீட்டை, அதாவது நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் வரைபடத்தை, மேசை முழுக்க விரித்து வைத்திருந்தாள். இந்திய நில அளவைத் துறை போடுவது. அளவு 1:50,000, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் நெளிகிறவை சம உயரக் கோடுகள். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு 20 மீட்டர் ஏற்றம். நெருக்கியடித்து நின்றால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சும்மா நடந்தே ஏறிவிடலாம்.

"மாமா, கோடெல்லாம் மேட்டுப் பக்கம் கூராக மடங்குது பாருங்க. இது பள்ளம். மழை பெஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் இறங்கும்" என்று பென்சில் முனையை ஓட்டிக் காட்டினாள். மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு இதையும் ஒருமுறை பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு புலம்புவதைவிடச் சுலபம்.

அடுத்து அந்தச் சரிவின் குறுக்குவெட்டை வரைய வேண்டுமாம். கிராஃப் தாள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். கடைக்குக் கிளம்புகிறேன்.