முத்தையன்கட்டு வயலில் ஒரு போகம்: நெத்தி லைற்றைச் சோதித்துப் பார்த்தது

மேலே 4800 என்று அச்சடித்திருந்த பற்றரியைத் தராசில் வைத்தேன். 33 கிராம். அந்த ஓர் எண்ணிலேயே பாதி விசயம் தெரிந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் செய்கிற எங்கள் வயலுக்குக் காலபோகத்தில் இராக்காவல் வேண்டும். கதிர் பால் பிடித்தால் பன்றி இறங்கும், முற்றினால் யானை வரும். ஒரு கையில் ரோச் லைற்றைப் பிடித்தபடி வரம்பில் நடந்தால் மண்வெட்டிக்கும் குடைக்கும் ஒற்றைக் கைதான் மிச்சம். அதனால் புரட்டாதிக் கடைசியில் சார்ஜ் பண்ணுகிற நெத்தி லைற் ஒன்று வாங்கினேன். முன்னால் லைற், பின்மண்டையில் பற்றரிப் பெட்டி, நடுவே ஒரு வயர். மாரியில் நடுச்சாமத்தில் வரம்பில் நிற்கும்போது அது நூர்ந்துபோனால் அடுத்த அடியை எங்கே வைப்பது? புடையன் பாம்பு கிடக்கிற இடம் அது. ஆகவே வயலுக்குக் கொண்டுபோக முன்னமே வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன்.

உள்ளே இருந்தது 18650 பற்றரி. பெயரே அதன் அளவு: குறுக்கே 18 மில்லிமீற்றர், நீளம் 65. இந்த அளவில் நல்ல பற்றரி பொதுவாக 3500 மில்லி அம்பியர் மணி வரைதான் பிடிக்கும், எடையும் 45 கிராமுக்கு மேலே இருக்கும். ஒட்டுசுட்டானில் போன் திருத்துகிற மச்சானிடம் சின்னத் தராசும், எவ்வளவு சார்ஜ் ஏறுகிறது என்று அளக்கிற யூஎஸ்பி மீற்றரும் இருந்தன. நூரும்வரை எரியவிட்டு, பிறகு மீற்றரை நடுவில் போட்டுச் சார்ஜ் ஏற்றினோம். சிவப்புப் போய் நீலம் வந்தபோது மீற்றரில் 1430. இந்த லைற்றில் சார்ஜ் பண்ணுகிற சில்லு, உள்ளே வருகிற கரண்டை அப்படியே பற்றரிக்குக் கொடுக்கிற வகை. அதனால் அந்த எண்ணைப் பற்றரியின் கொள்ளளவாகவே எடுக்கலாம். அச்சடித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்தது எவ்வளவு நேரம் எரியும் என்ற கணக்கு. இருட்டறையில் லைற்றைக் கதிரையில் கட்டி, ஒரு மீற்றர் தள்ளிச் சுவரில் போனை நிறுத்தி, வெளிச்சம் அளக்கிற செயலியைத் திறந்து வைத்தேன். போன் காட்டுகிற லக்ஸ் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போன், அதே இடம், அதே லைற் என்றால் கூடிக் குறைவதை ஒப்பிடலாம். எஃப்எல்1 என்றொரு தரமுறை இருக்கிறது. லைற்றைப் போட்டு 30 செக்கனில் உள்ள வெளிச்சத்தை முழு அளவாக எடுத்து, அது பத்தில் ஒரு பங்காக விழும்வரை உள்ள நேரத்தை எரியும் நேரம் என்கிறது. அதாவது பெட்டியில் எட்டு மணித்தியாலம் என்று போட்டிருந்தாலும், கடைசி மணித்தியாலத்தில் மெழுகுதிரி அளவுதான் மிஞ்சியிருக்கலாம். நான் அதைவிட இறுக்கமாகப் பிடித்தேன். எனக்குப் பாதி வெளிச்சத்துக்குக் கீழே போனால் வரம்பு தெரியாது.

பெரிய வெளிச்சத்தில் 40 நிமிடத்திலேயே பாதியாகிவிட்டது, 1 மணி 50 நிமிடத்தில் பத்தில் ஒன்று. முன்பக்கத் தகடு கை வைக்க முடியாத சூடு. நடு வெளிச்சத்தில் 3 மணி 40 நிமிடத்தில் நூர்ந்தது. இரவு பத்துக்குக் காவலுக்குப் போய் இரண்டு மணிக்கு முன்னமே இருட்டில் நிற்கிற கணக்கு இது. பன்றி இறங்குகிறதோ விடியப்புறத்தில்.

மச்சான் பழைய லாப்டொப் பற்றரி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துத் தந்தான். 46 கிராம், மீற்றரில் 2400. நடு வெளிச்சத்தில் 6 மணி 10 நிமிடம் தாண்டியது. நூர்ந்ததும் பற்றரியில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன், 2.9 வோல்ற். அந்த மட்டோடு தானே நிறுத்திக்கொள்கிறது என்று தெரிந்தபிறகுதான் மனம் ஆறியது. அதற்குக் கீழே உறிஞ்சிக்கொண்டே போனால் பற்றரி செத்துவிடும்.

ஐப்பசி மழையில் அடுத்த குறை வெளியே வந்தது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தது. எந்தப் பக்கத்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி கிடந்தும் தாங்குவது ஐபிஎக்ஸ்7. எனக்கு மழை தாங்கினால் போதும். வீட்டு முற்றத்தில் ஒரு இரவு முழுக்கக் கூரைத் தாழ்வாரத்துக்கு வெளியே தொங்கவிட்டேன். காலையில் எரிந்தது. பெட்டியைத் திறந்தால், சார்ஜ் துவாரத்தை மூடுகிற ரப்பர் பக்கமாக ஈரம் கோடு போட்டு இறங்கி, சுருள் கம்பியின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பல்துலக்கும் தூரிகையைச் சுத்த ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தேன், இரண்டு நாள் காற்றாட விட்டேன், ரப்பர் ஓரத்தில் மெல்லிசாகச் சிலிக்கன் கிறீஸ் பூசினேன். கார்த்திகை முழுக்க நனைந்தும் பிறகு ஈரம் இறங்கவில்லை.

மழையில் கரண்ட் போன ஒரு நாள் பவர்பாங்கில் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. லைற் பழுதாகிவிட்டதென்று பயந்தேன். காரணம் வயர். இரண்டு பக்கமும் சி வகை முனை உள்ள வயர் என்றால், சார்ஜ் ஏறுகிற பொருளுக்குள் 5.1 கிலோ ஓம் தடைகள் இரண்டு இருந்தால்தான் பவர்பாங் கரண்ட் விடும். மலிவுப் பொருட்களில் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் பழைய அகல முனை உள்ள வயரில் உடனே ஏறியது. அந்த வயரை இப்போது லைற்றோடேயே கட்டி வைத்திருக்கிறேன்.

பரணிலிருந்து ஒருமுறை தானாகவே விழுந்தது, நான் சோதிக்க விழுத்தவில்லை. கீழே நின்ற லாண்ட்மாஸ்ரரில், அதுதான் கையால் பிடித்து ஓட்டுகிற உழவு மிசினில், பட்டது. லைற்றுக்கு ஒன்றுமில்லை. லைற்றின் தலையை மேலே கீழே சாய்க்கிற பிளாஸ்ரிக் பற்கள்தான் போய்விட்டன. சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் போட்டேன், பற்களைவிட நன்றாகப் பிடிக்கிறது.

இனி வயல். நெத்தியில் கட்டிக்கொண்டு வரம்பில் இறங்கிய முதல் இரவு, புல்லெல்லாம் பச்சைப் பச்சையாக மினுங்கியது. பனித்துளி என்று நினைத்துக் குனிந்தால் சிலந்திகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு கண். வெளிச்சம் நம் கண்ணோடு ஒட்டிப் போனால்தான் அந்தக் கண்கள் வெளிச்சத்தை நமக்கே திருப்பிவிடும். ரோச் லைற்றை இடுப்பளவில் பிடித்து இத்தனை வருசம் நடந்தும் இதைக் கண்டதில்லை. மாட்டுக் கண்ணும் மான் கண்ணும் தூரத்திலேயே மின்னிக் காட்டிக்கொடுக்கும். பன்றிக் கண் அப்படி மின்னாது, அதன் கண்ணுக்குப் பின்னால் அந்த மினுங்கும் படலம் இல்லை. பன்றியை உடலாகத்தான் காண வேண்டும். அதற்குத் தூரம் பாய்கிற ஒடுங்கிய வெளிச்சம் உதவாது, பக்கத்தை விரித்துக் காட்டுகிற வெளிச்சம் வேண்டும். லைற்றின் முன் வில்லையில் அரைவாசிக்கு மெல்லிய வெள்ளைப் பொலித்தீன் ஒட்டினேன். தூரம் குறைந்தது, வயல் அகலமாகத் தெரிந்தது. இந்தப் போகத்தில் நான் செய்த மாற்றங்களில் இதுதான் பெரிய பயன் தந்தது.

ஒரு விசயத்தில் மட்டும் இந்த லைற் என்னைப் பயப்படுத்தியது. முன்னால் கையை அசைத்தால் எரிகிற, அசைத்தால் நூர்கிற சென்சர் இருக்கிறது. கையில் சேறு என்று மார்கழியில் ஓர் இரவு அதில் விட்டிருந்தேன். பக்கத்து வயல் பெரியவர் பரணிலிருந்து அடங்கின குரலில் சொன்னார்.

“தம்பி, உந்த லைற்றை நூத்துப்போட்டு அப்பிடியே நில். வாய்க்கால் பக்கம் ஆனை நிக்குது.”

நூர்த்தேன். இருட்டில் நாணல் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கையை உயர்த்தினேன், பளிச்சென்று எரிந்துவிட்டது. முழு வெளிச்சம், நேரே வாய்க்கால் பக்கம். தலையைக் குனிந்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். யானை நின்ற இடத்திலேயே நின்று, பிறகு காட்டுப் பக்கம் திரும்பியது. பெரியவர் இறங்கி வந்து கேட்டது ஒன்றுதான்: “உதை நிப்பாட்ட வழியில்லையோ?” விடிந்ததும் சென்சரின் கண்ணில் கறுப்பு ரேப் ஒட்டினேன். இனி அது எரிவதும் நூர்வதும் விசையால் மட்டும்தான். இப்படி ஒரு லைற்றை யானை திரிகிற இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் முதல் நாளே அதை மூடிவிடுங்கள்.

தையில் வெட்டு முடிந்தது. பற்றரியை 3.8 வோல்ற்றில் நிறுத்திக் கழற்றி, குளிர்ச்சியான அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறேன். முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால் லிதியம் பற்றரி கெதியாகக் கெட்டுவிடும். மூன்று மாதம் காவலில் நின்ற பிறகு திரும்ப ஏற்றிப் பார்த்ததில் 2370 காட்டியது, குறைவு பெரிதாக இல்லை. வயர்தான் அடுத்த வேலை. பின்மண்டையில் மடங்குகிற இடத்தில் உறை வெடிக்கத் தொடங்கி, உள்ளே செம்பு தெரிகிறது. சிறுபோகத்துக்கு முன் சிலிக்கன் உறை போட்ட மெல்லிய வயர் கிடைத்தால் மாற்றிவிடுவேன்.