14 மில்லிமீட்டர் என்று எழுதிய ஓர் அறிக்கையும் நான் தொடங்கிய ஹார்மோன் சிகிச்சையும்

கருப்பையின் உட்சுவர் 14 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒரே ஒரு வரியை வைத்து, என் கருப்பையை எடுத்துவிட ஒரு மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் நான் வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். இன்று கருப்பை என்னிடம்தான் இருக்கிறது. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்துத் தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன, இரவில் தூங்குகிறேன். ஆனால் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே எட்டு மாதங்கள் பிடித்தன என்பதும், அவற்றில் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியை யாரும் சரியாகக் கேட்காததால் வீணாயிற்று என்பதும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு 47 வயது. திருச்சியில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு (மெனோபாஸுக்கு) முந்தைய காலத்துத் தொல்லைகளை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்க வருகிறவர்களுக்கு அவை தெரிந்தே இருக்கும். மார்கழிக் குளிரிலும் இரவு மூன்று மணிக்கு ரவிக்கை நனைந்து விழித்துக்கொள்வேன். மாதவிடாய் ஒரு முறை 21 நாளில் வரும், அடுத்த முறை 50 நாள் ஆகும், வந்தால் ஊற்றும். கரும்பலகையின் முன்னால் நின்றுகொண்டு, இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வாய்பாட்டின் அடுத்த வரி நினைவுக்கு வராமல் போன அன்றுதான் மருத்துவரிடம் போவதென்று முடிவு செய்தேன்.

ஜூன் மாதம் பார்த்த முதல் மருத்துவர், சினைப்பைகளைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். அளவைப் பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். அளவு இயல்பாக இருந்தது. “உங்களுக்கு இன்னும் மெனோபாஸ் இல்லை, டென்ஷன்தான்” என்று சொல்லி, கால்சியமும் வைட்டமினும் தூக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று மாதங்கள் அவற்றை விழுங்கினேன். பிறகு தெரிந்துகொண்டது இது: பெரிமெனோபாஸ் காலத்தில் எஃப்.எஸ்.ஹெச். இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். ஒரு நாள் எடுத்த இரத்தத்தில் அது இயல்பாக இருப்பதை வைத்து எதையும் மறுக்க முடியாது. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகளும் மாதவிடாய் மாற்றமும் இருந்தால், அறிகுறிகளைக் கொண்டே முடிவு செய்யலாம், எஃப்.எஸ்.ஹெச். வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பது வேறு, அவை தேவை. ஆனால் எஃப்.எஸ்.ஹெச். இயல்பு என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பினால், தயவுசெய்து அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

செப்டம்பரில் இரத்தப்போக்கு அதிகமானதால் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேனுக்கு எழுதினார்கள். முதல் நாள் பயணமே வீண். வயிற்று ஸ்கேன் என்றால் சிறுநீர்ப்பை நிறைய வேண்டும் என்ற பழைய அனுபவத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோதுதான், இது உள்வழியாகச் செய்யும் ஸ்கேன், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். போய்விட்டு வருவதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். பிறகு ஸ்கேன் மருத்துவர் கிளம்பிவிட்டார். அரை நாள் விடுப்பு போயிற்று. சீட்டு வாங்கும்போதே எந்த வகை ஸ்கேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது, முகப்பில் இருந்த பெண் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்டார். “ஒழுங்காக வருவதில்லை” என்று நான் தொடங்கியதுமே ‘இர்ரெகுலர்’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அவர் தேதியை எழுதியிருந்தால் போதும். கருப்பையின் உட்சுவர் மாதவிடாய் முடிந்த கையோடு மெலிந்திருக்கும், பிறகு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும், அடுத்த மாதவிடாய்க்குச் சற்று முன்னால் 14 மில்லிமீட்டர் என்பதுகூட இயல்பான அளவாகவே இருக்கலாம். எனக்கு அந்த ஸ்கேன் எடுத்த ஐந்தாம் நாள் மாதவிடாய் வந்தது. ஆனால் அறிக்கையில் தேதியும் இல்லை, எத்தனையாவது நாள் என்பதும் இல்லை. தடிப்பு என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

அறிக்கையைப் பார்த்த மருத்துவர் என் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. “47 ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், இனி எதற்கு? கருப்பையை எடுத்துவிடலாம், கையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் பின்னால் தொந்தரவு இல்லை” என்றார். இரவு வியர்வைக்கும் மறதிக்கும் ஹார்மோன் சிகிச்சை கிடையாதா என்று கேட்டேன். “அதெல்லாம் கேன்சரில் கொண்டுபோய் விடும்” என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். என் தொல்லைகளே சினைப்பைகளின் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தடுமாறுவதால் வருகிறவை. அந்தச் சினைப்பைகளை ஒரே நாளில் எடுத்துவிட்டால், படிப்படியாக வர வேண்டிய மெனோபாஸ் மறுநாளே முழு வேகத்தில் வந்து இறங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் என் அரசு ஊழியர் காப்பீட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதே இல்லை என்று உற்சாகமாகச் சொன்னார். பின்னர் வெளிநோயாளியாக நான் வாங்கிய ஜெல்லுக்கும் கேப்சூலுக்கும் மேமோகிராமுக்கும் (மார்பக எக்ஸ்-ரே) அந்த அட்டை ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தீபாவளி முடிந்ததும் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் ‘எடுத்தாச்சு’ என்று சாதாரணமாகச் சொல்கிறவர்கள். என் நாத்தனார் மட்டும் தொலைபேசியில் அழைத்து, “அண்ணி, ரெண்டையும் எடுத்த பெறகு ஒரு வருஷம் நான் நானா இல்ல. இன்னொரு டாக்டரையும் கேட்டுட்டுப் பண்ணுங்க” என்றாள். அவளுக்கு 41 வயதில் எடுத்தது. அவள் அழைத்திருக்காவிட்டால் நான் படுத்திருப்பேன்.

நாத்தனார் சொன்னபடி நான் போய்ப் பார்த்த மருத்துவர் அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே கேட்டது: “கடந்த ஒரு வருடமாக எந்தெந்தத் தேதிகளில் வந்தது?” என்னிடம் பதில் இல்லை. நான் குறிக்காதவள் அல்ல. அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பது என் வழக்கம். ஆனால் போன வருடக் காலண்டரைக் கிழித்து மகனுடைய புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்று. இந்த வருடத்தில் ஜூலைக்குப் பிறகு வெறுத்துப்போய்ப் புள்ளி வைப்பதையே விட்டிருந்தேன். ஒரு வாரத்தில் தேதிகளோடு வாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், போக்கு அதிகமான முதல் இரண்டு நாட்களில் ஒன்றில் நான் தவறாமல் தற்செயல் விடுப்பு எடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. பள்ளி அலுவலகத்தில் என் விடுப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, விடுமுறை நாட்களுக்கு மருந்துக்கடை ரசீதுகளைச் சேர்த்து, பதினோரு மாதத் தேதிகளை ஒரே தாளில் எழுதினேன். அந்தத் தாளைப் படித்துவிட்டு, ஸ்கேன் எடுத்த தேதியை விரலால் தொட்டு, “இது மாதவிடாய்க்கு முந்தைய வாரம். அதனால்தான் 14” என்றார். எட்டு மாதங்களில் எனக்குக் கண்ணீர் வந்தது அந்த ஒரு முறைதான்.

ஆனால் அவர் அதை வைத்து மட்டும் விட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 45-க்கு மேல் ஒழுங்கில்லாத, அதிகமான இரத்தப்போக்கு இருந்தால் தடிப்பு எவ்வளவு என்றாலும் உட்சுவரின் திசுவைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்றார். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, மயக்கம் கொடுக்காமல், அவருடைய அறையிலேயே எடுத்தார். சில நிமிடங்கள் நன்றாகவே வலித்தது. ஒரு வாரத்தில் கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. மாதவிடாயின் ஐந்தாம் நாள் எடுத்த புதிய ஸ்கேனில் தடிப்பு 5 மில்லிமீட்டர். கருப்பையை எடுக்க நாள் குறித்தவர்கள் இந்தப் பத்து நிமிடப் பரிசோதனையை ஏன் முதலில் செய்யவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

புற்றுநோய்ப் பயத்தைப் பற்றி அவரிடம் நேராகவே கேட்டேன். என் சித்திக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. ஹார்மோன் சிகிச்சை குறித்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வைப் பற்றி மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதன் ஒரு பிரிவில் 16,608 பெண்கள். அவர்களுடைய சராசரி வயது 63. அவர்களில் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கைப் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை. மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டுக்கு 38 பேருக்கும், எடுக்காத 10,000 பேரில் 30 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. அதாவது 8 பேர் அதிகம். நான் கணக்கு ஆசிரியை. இந்த எண்களை முதல் மருத்துவமனையிலேயே சொல்லியிருந்தால் அன்றே புரிந்துகொண்டிருப்பேன். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. 60 வயதுக்குள், தொல்லைகள் கடுமையாக இருக்கும்போது தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மை மிகும் என்றார். சித்திக்கு 60-க்குப் பிறகு வந்தது என்பது மட்டும் எனக்குத் தடையாகாது, ஆனால் மேமோகிராம் பார்க்காமல் தொடங்க மாட்டேன் என்றார். எனக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தாலோ இந்த வழியே வேறாக இருந்திருக்கும்.

மேமோகிராமுக்கும் ஒரு பயணம் வீணாயிற்று. குளித்துவிட்டு வழக்கம்போல் பவுடர் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரியக்கூடும் என்று திருப்பி அனுப்பினார்கள். பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். மார்பகம் வலிக்காத வாரமாக, மாதவிடாய் முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள். சேலையில் போனால் மேல் உடுப்பைக் கழற்றுவது சுலபம். இரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல், பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் பரிசோதனை) எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பதால் மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல் எழுதினார். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் இரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிறது. தோல் வழியாகப் போவதற்கு அந்தப் பிரச்சினை இல்லை. கருப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது, உட்சுவர் கட்டுப்பாடில்லாமல் வளரும். அதைக் காக்க மாதத்தில் 12 இரவுகள் புரோஜெஸ்டிரோன் 200 மில்லிகிராம் கேப்சூல். இது கருத்தடை அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னார். மாதவிடாய் முழுதாக நிற்காதவரை கரு தங்க வாய்ப்புண்டு.

இனி மருந்துக்கடை. முதல் மூன்று கடைகளில் ஜெல் இல்லை. நான்காவது கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நான்கு நாட்கள் ஆயின. கேப்சூலைக் கேட்டபோது கடைக்காரர் கடை முழுக்கக் கேட்கும்படி, “எத்தனை மாசம் மேடம்? குழந்தைக்குத்தானே?” என்றார். பக்கத்தில் என் பழைய மாணவியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். நம் ஊரில் இந்த மருந்துகள் கர்ப்பம் தங்கவும் செயற்கைக் கருத்தரிப்புக்குமே பெரும்பாலும் விற்பதால் அவர் அப்படிக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. நான் தலை குனியவில்லை. “மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிகிச்சைக்கு” என்று அதே குரலில் சொன்னேன். அந்த அம்மா என்னோடு வெளியே வந்து, அந்த மருத்துவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கேப்சூலுக்குப் பதில் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைக் கடைக்காரர் கொடுத்திருந்தார். கேட்டதற்கு “அதே மருந்துதான்” என்றார். அதே மருந்தாக இருந்தாலும் மருத்துவர் எழுதியது அதுவல்ல. திரும்பப் போய் மாற்றி வாங்கினேன். அட்டையின் பின்பக்கத்தைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.

கேப்சூலை இரவு படுக்கும்போதுதான் போட வேண்டும், தூக்கம் தரும். ஜெல்லைத் தொடையிலோ மேல் கையிலோ தடவி, காயும்வரை உடை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பில் தடவக்கூடாது, தடவிய இடத்தில் குழந்தைகளின் தோல் படக்கூடாது. இரவு வியர்வை மூன்றாம் வாரத்தில் குறைந்தது. ஆறாம் வாரத்தில் ஒரு நாள் முழுக்க உடல் கொதிக்கவே இல்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன். முதல் இரண்டு மாதங்கள் இடையிடையே இரத்தக் கறை பட்டது, மார்பு கனத்தது. முதல் சில மாதங்களுக்கு அப்படி இருக்கலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. ஆறு மாதம் தாண்டியும் கறை நின்றபாடில்லை என்றாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலோ காத்திருக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. மூட்டு வலி எனக்கு இன்னும் போகவில்லை. அதற்குத் தனியாகப் பயிற்சி செய்கிறேன். மாதவிடாய் இப்போது கேப்சூல் முடிந்த மூன்றாம் நாள் வருகிறது. காலண்டரில் புள்ளிகள் மீண்டும் வரிசையாக இருக்கின்றன.

போன மாதம் நாத்தனாரை அதே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவளுக்கு இப்போது 50 வயது. சினைப்பைகளை எடுத்த 41 வயதிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக ஒருவரும் அவளுக்கு ஹார்மோன் சிகிச்சை என்ற சொல்லைக்கூடச் சொன்னதில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிய மருத்துவர், அறுவை சிகிச்சையில் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று தெரிய அன்றைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார். அது அவளிடம் இல்லை. அந்த மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பழைய உள்நோயாளி எண்ணைக் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் இரும்புப் பெட்டியை வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாக இறக்கிப் பார்க்கப் போகிறோம்.