பாட்டி வீட்டுச் செடியும் பூத்துருச்சு

போன வாரத்துக்கு முந்தின வாரம் ராத்திரி நல்ல மழை. திண்டுக்கல் மாவட்டத்துல தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம் வச்சிருக்கவங்க பங்குனி சித்திரைல வானத்தையே பாத்துட்டு கிடப்போம், இந்த ஒரு மழை பேஞ்சாதான் மொட்டு விரியும், எட்டு பத்து நாள்ல மொத்த மலையும் வெள்ளையாகி மல்லிப்பூ வாசமா அடிக்கும். ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துரும்.

எங்க தோட்டத்துக்கு மேல பளியர்ங்கற பழங்குடி மக்களோட குடியிருப்பு. கார்த்திகைல இருந்து தை வரைக்கும் எங்களுக்குப் பழம் எடுக்கறது அவங்கதான், சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகு கொடிக்கு ஒத்தை மூங்கில் ஏணியச் சாத்தி அவங்க ஏறுறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். நான் சின்னதா இருக்கப்ப பழம் எடுக்கச் சொல்லிக் குடுத்தது அங்க இருக்க ஒரு பாட்டி. "செவப்புன்னு மட்டும் பாக்காத தாயி, அமுக்கிப் பாரு"ன்னு ரெண்டு விரல்ல பிதுக்குவாங்க, கொட்டை வழுக்கிட்டு வெளிய வந்தா பழுத்துருச்சு, வரலன்னா விட்டுரணும். தோல சப்புனா இனிக்கும். 6 கிலோ பழம் எடுத்தாதான் 1 கிலோ காப்பிக்கொட்டை தேறும்.

அந்தப் பாட்டி வீட்டுக்குப் பின்னாடியும் ஒரு 200 செடி நிக்குது, அவங்க மாமனார் காலத்துல வச்சது. ஆனா பட்டா இல்ல. பட்டா இல்லன்னா லோன் இல்ல மானியம் இல்ல, பழத்தோட தோல உரிக்கிற பல்பர் மெஷின் வாங்க வழியில்ல, எடுத்த பழத்த அன்னைக்கே தோல் உரிக்கலன்னா கெட்டுப்போகும்ங்கறதால வியாபாரி சொல்ற விலைக்கு சாயங்காலமே அளந்து விட்டுடறாங்க. 2006 வன உரிமைச் சட்டம் என்ன சொல்லுது, 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து காட்டு நிலத்துல பயிர் வச்சுப் பொழைக்கிற பழங்குடி குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை குடுக்கணும்னு சொல்லுது. பாட்டி கேக்கறது அதுல ஒரு மூலை. மனு எழுதிக் குடுத்தது நான்தான், மூணு வருஷமாச்சு, போறப்பல்லாம் அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிடறாங்க. பாட்டி ஒரு வார்த்தை கோவமாப் பேசல, எனக்குத்தான் ஆத்தாமையா இருக்கு.

நேத்து போயிருந்தேன், பின்னாடி 200 செடியும் பூத்து நிக்குது. சொந்தக் கொட்டைய சட்டில வறுத்து உரல்ல இடிச்சு கருப்பட்டி போட்டு வரக்காப்பி குடுத்தாங்க. அடுத்த வாரம் மறுபடி மனுவ எடுத்துட்டுப் போறேன், இந்த தடவை பாட்டியும் வரேன்னு சொல்லிருக்காங்க.