இனி மேப்பை யாரு வரையப் போறா?

ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடுற வேலையில இருக்கேன்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாலும் பக்கத்து இலைக்காரரு கேக்குறது ஒரே கேள்விதான், "எம் மவன் சிவில் முடிச்சிருக்கான், இதைப் படிச்சா வேலை உண்டா, இல்ல இதையும் ஏஐ கொண்டு போயிருமா?" பாயசம் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதில் இல்ல அது. அதான் இங்க டைப் பண்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கசப்பானதை முதல்ல சொல்லிடுறேன். சாட்டிலைட் படத்தைப் பின்னாடி போட்டுட்டு வீடு வீடா ரோடு ரோடா மௌஸ்ல கிளிக் பண்ணி பாலிகன், அதாவது எல்லைக் கட்டம், வரையுற டிஜிட்டைசிங் வேலை இருக்குல்ல, எங்க செட்டு ஆளுங்க பாதிப் பேரு சோறு தின்னதே அதுலதான், அது கரைஞ்சிட்டே போகுது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் கட்டட உருவங்களை மெஷின் லேர்னிங்ல எடுத்து இலவசமாவே வெளிய விட்டாச்சு. 2023 ஏப்ரல்ல மெட்டா விட்ட செக்மென்ட் எனிதிங் மாடல்ல ஒரு கூரை மேல ஒரு கிளிக் வச்சா விளிம்பு முழுக்க அதுவே பிடிச்சிருது. 2025ல கூகுள் டீப்மைண்ட் விட்ட ஆல்ஃபாஎர்த் இன்னும் ஒரு படி மேல, தரையில ஒவ்வொரு பத்துக்குப் பத்து மீட்டர் துண்டையும் ஒரு வருஷத்துக்கு 64 நம்பரா சுருக்கி வச்சிருக்கு, எது எதோட சாயல்னு நாம அதுல தேடிக்கலாம். காலையில இருந்து சாயங்காலம் வரை பாலிகன் வரைஞ்சு சம்பளம் வாங்கலாம்னு யாராவது கோர்ஸ் விக்க வந்தா காசைக் கொடுத்துராதீங்க.

அப்போ ஃபீல்டு முடிஞ்சுதான்னு கேட்டா, கிடையாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கொஞ்சம் வேலை பாத்தா இது தெளிவா தெரியும்.

குளத்தையே எடுத்துக்கோங்க. சாட்டிலைட் படத்துல தண்ணியை எப்படிக் கண்டுபிடிக்கும்னா, தண்ணி கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிரும், பச்சை இலை அதைத் திருப்பி அடிக்கும், இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் இது குளம் இது வயல்னு பிரிக்கும். பட்டணம் பக்கத்து ஏரிக்கு இது அழகா வேலை செய்யும். நம்ம ஊர்ல குளம் முழுக்க தாமரை இலை, பல குளத்துல அதை விட மோசமா ஆகாயத்தாமரை. மேல இருந்து பாக்குற சாட்டிலைட்டுக்கு அது பச்சைப் புல்வெளி, அவ்வளவுதான். சென்டினல் 2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் படத்துல ஒரு குளத்தை மாசா மாசம் போட்டுப் பாத்தா மழைக்கப்புறம் நீலமா இருக்கும், தாமரை ஏற ஏற ஓரத்துல இருந்து பச்சையாகி ஒரு கட்டத்துல குளமே காணாம போயிரும், குளம் அங்கேதான் கிடக்கு, மேப்புலதான் இல்ல. சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்கிற பேரு, கிடைச்சுது, அதனால அதுக்குக் கொஞ்சம் காவல் உண்டு. பேர் தெரியாத சின்னக் குளத்துக்கு யாரு இருக்கா? மேப்புல "புல்தரை"ன்னு வந்துட்டா மண்ணடிக்க ஆளு ரெடியா நிப்பான். இந்த இடத்துலதான் மனுசன் வேணும், ஒரு வருஷத்துப் படத்தை முழுசா அடுக்கி வச்சு, சந்தேகம் வந்தா பைக்கை எடுத்துட்டுப் போய் கரையில நிக்கிற ஆள்கிட்ட கேக்குற மனுசன்.

அடுத்து மரம். நம்ம மாவட்டத்துல மேல இருந்து பாத்தா தரையே தெரியாது, கடற்கரைப் பக்கம் தென்னை, மேற்க போனா ரப்பர். டிரோன் விட்டு போட்டோ எடுத்து ஒட்டுனா கிடைக்கிறது மரத்தோட தலைதான், கீழ இருக்கிற கையாலையும் (எல்லை மண்சுவர்) ஓடையும் ஒளிஞ்சே கிடக்கும். இதுக்குத்தான் லைடார். டிரோன்ல இருந்து நொடிக்கு லட்சக்கணக்குல லேசர் துடிப்பு கீழ அனுப்பும், பெரும்பாலானது இலையில பட்டுத் திரும்பிரும், கொஞ்சம் மட்டும் இடுக்கு வழியா நுழைஞ்சு மண்ணுல பட்டு வரும், அந்தக் கொஞ்சத்தை வடிகட்டி எடுத்தா மரத்தையெல்லாம் கழட்டி வச்ச மாதிரி தரை வந்து நிக்கும். முதல் தடவை ஸ்கிரீன்ல அதைப் பாத்தப்போ, மரத்தடியில கிடந்த பழைய வரப்பு வரிசையெல்லாம் கோடு கோடா எழும்பி வந்துச்சு பாருங்க, அன்னைக்கு சாப்பிடவே எந்திரிக்கல நான்.

லைடார் விலை கூட, அது இல்லாதவன் என்ன செய்வான்? காலண்டரைப் பாப்பான். ரப்பர் டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள இலையை மொத்தமா உதிர்த்துட்டு திரும்ப துளிர்க்கும், பக்கத்துல இருக்கிற காடு அப்படி ஒரேயடியா உதிர்க்காது. அதனால டிரோன் பறக்க வைக்க அதுதான் சமயம், சாட்டிலைட் படத்துல ரப்பரையும் காட்டையும் பிரிக்கவும் அதே மாசங்கள்தான் உதவும். பால் வெட்டுற ஆளுக்கு இது சின்ன வயசுலயே தெரியும், ஏசி ரூம்ல மாடல் ட்ரெயின் பண்றவனுக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும்.

நிலம் அளக்குற விஷயத்துலதான் இனி பெரிய கலவரம் வரப் போகுதுன்னு நினைக்கிறேன், நல்ல கலவரம்தான். நமக்கு சென்ட் கணக்கு. அஞ்சு சென்ட் மனையை சதுரமா வச்சா ஒரு பக்கம் 14 மீட்டர் சொச்சம் வரும். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலயே நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னைக்கடியில இன்னும் மோசம். சென்டினல் படத்துல ஒரு புள்ளியே கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட், அப்போ உங்க மனை மொத்தமே ரெண்டு புள்ளி. இதை வச்சுட்டு எல்லைத் தகராறு பேச முடியுமா? அதுக்குத்தான் சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல கோர்ஸ் ஸ்டேஷன் போட்டிருக்கு. எப்பவும் ஒரே இடத்துல நிக்கிற ரிசீவர் அது, தன்னோட சரியான இடம் அதுக்குத் தெரியும்கிறதால சாட்டிலைட் சிக்னல்ல இருக்கிற பிழையைக் கணக்குப் பண்ணி இன்டர்நெட்ல அனுப்பும், வயல்ல நிக்கிற சர்வேயர் கையில இருக்கிற ரோவர் அதை வாங்கித் திருத்திக்கும், ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள வந்துரும்.

ஆனா பிரச்சனை எங்கன்னா நம்ம எஃப்எம்பி, அதாவது புல வரைபடத்துல. அதுல அட்சரேகையும் கிடையாது தீர்க்கரேகையும் கிடையாது. நிலத்துக்குக் குறுக்கே ஜி லைன்னு ஒரு கோடு, அதுல இருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தா இத்தனை தூரம்னு அளவு, அவ்வளவுதான். கல்லு இருந்த இடத்துல கல்லு இருக்கிற வரைக்கும் அருமையான சிஸ்டம், நான் குறை சொல்லவே மாட்டேன். கல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு கையாலையை ரெண்டடி நகத்தியாச்சுன்னா முடிஞ்சுது. அதோட பக்கத்துப் பக்கத்து சர்வே நம்பரோட படங்களை கம்ப்யூட்டர்ல சேத்து ஒட்டுனா ஒரு இடத்துல இடைவெளி விழும், இன்னொரு இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அந்த ரெண்டடி யாருக்குன்னு எந்த ஏஐயும் சொல்லாது, ரெண்டு வீட்டுக்காரரும் பழைய பிரமாணப் பத்திரமும் சர்வேயரும் ஒண்ணா நின்னாத்தான் தீரும். ரோவர் கருவி நீங்க காட்டுற புள்ளியைத்தான் துல்லியமா அளக்கும், அது சரியான புள்ளியான்னு அதுக்குத் தெரியாது.

சட்டமும் வழிவிட்டாச்சு. 2021 பிப்ரவரி 15ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்ல இருந்து இந்திய கம்பெனியோ தனி ஆளோ மேப் பண்ண முன்னாடி மாதிரி அனுமதிக்கு அலைய வேண்டாம். 2022 டிசம்பர்ல வந்த தேசிய புவிசார் கொள்கை 2030க்குள்ள ஊர் பகுதியெல்லாம் 5 முதல் 10 சென்டிமீட்டர் தெளிவுல மேப் பண்ணணும், சமவெளி உயரத்தை 25 சென்டிமீட்டர் துல்லியத்துல எடுக்கணும்னு சொல்லுது. முடிப்பாங்களான்னு கேக்காதீங்க, பாப்போம்.

அந்த உயரக் கணக்கு ஏன் முக்கியம்னு மணக்குடி, குளச்சல் பக்கத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டாம், சுனாமி பாத்த ஊரு. உலகம் முழுக்க எல்லாரும் இலவசமா எடுத்துப் பயன்படுத்துற உயரத் தரவு 2000 பிப்ரவரியில நாசா விண்கலத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்தது. அந்த ரேடார் அடர்ந்த மரத்துக்கு மேலயே பட்டுத் திரும்பிரும், அதனால தென்னந்தோப்பு இருக்கிற தாழ்வான கடற்கரை மேடு மாதிரி காட்டும். இந்தப் பிழையைத் திருத்தி 2019ல வந்த ஒரு ஆய்வுல, கடல் ஏறுனா பாதிக்கப்படுற ஜனங்க எண்ணிக்கை முன்னாடி சொன்னதை விட மூணு மடங்கு ஆச்சு. 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி வந்தா சாதாரண சாட்டிலைட்டுக்கு மேகம்தான் தெரியும், ரேடாருக்கு மேகம் ஒரு தடையே இல்ல. 2025 ஜூலை 30ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன நாசா இஸ்ரோ கூட்டு ரேடார் சாட்டிலைட் நிசார் 12 நாளுக்கு ஒருக்கா அதே இடத்தைத் திரும்பப் பாக்கும். ரெண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்துக்கு இதை விட என்ன வேணும்?

டிஜிபின்ங்கிற டிஜிட்டல் முகவரி பத்தி ரெண்டு வரி. 2025 மே மாசம் தபால் துறை விட்டது, நாடு முழுக்க ஏறக்குறைய நாலுக்கு நாலு மீட்டர் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்து கோடு. தெருப் பேரே இல்லாம "விளை"யில முடியுற ஊருக்குள்ள, தோட்டத்துக்கு நடுவுல வீடு கிடக்கிற நமக்கு இது நல்லதுதான். ஆனா கட்டம் வீட்டைக் காட்டும், வழியைக் காட்டாது, கொரியர் பையன் பாசன சானல் கரைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு "அண்ணே, இங்க பாலம் இல்லியே"ன்னு போன் போடுறது நிக்காது.

கடைசியா கடல். மேப் டெக்னாலஜியை நம்ம மாவட்டத்துல ரொம்ப ஆழமா பயன்படுத்துறது எங்க மாதிரி ஆளுங்க இல்ல, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் ஆளுங்க. பழைய ஆளுங்க மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டுல நிறுத்தி, வேற பக்கம் இன்னொரு ஜோடியை நிறுத்தி, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல அடியில பாரு, அதாவது மீன் கூடுற பாறை, இருக்குன்னு வலை போட்டவங்க, 1802ல லாம்ப்டன்ங்கிற வெள்ளைக்கார சர்வேயர் மெட்ராஸ்ல ஆரம்பிச்ச முக்கோண சர்வேயும் இதே வடிவ கணிதத்துல ஓடுனதுதான். இப்போ அந்த இடமெல்லாம் ஜிபிஎஸ்ல நம்பரா இருக்கு. ஒரு போட்டுக்காரரோட சொத்துல பாதி அந்த நம்பர்தான், யாருக்கும் காட்ட மாட்டாரு.

2017 ஒக்கி புயல் அப்போ கரையில இருந்த எச்சரிக்கை கடலுக்குள்ள போய்ச் சேரல, போன் டவர் எட்டாத தூரத்துல இருந்தாங்க. அதுக்கப்புறம் 2019ல ஜெமினி கருவி வந்துச்சு, ககன்ங்கிற நம்ம நாட்டு சாட்டிலைட் அமைப்பு வழியா எச்சரிக்கை போகும், ஆனா ஒருவழிதான். 2024 ஆகஸ்ட்ல லட்சம் படகுக்கு டிரான்ஸ்பாண்டர் திட்டம் தொடங்குனாங்க, அதுல கடல்ல இருந்தும் செய்தி அனுப்பலாம், கூடவே படகு எங்க நிக்குதுன்னு கரையில தெரியும். உயிருக்கு நல்லது, சந்தேகமே இல்ல. ஆனா அந்தத் தடத்தை ஒரு சீசன் முழுக்க சேத்து வச்சுப் பாத்தா எந்த இடத்துல எத்தனை மணி நேரம் நின்னாங்கன்னு தெரியும், அப்போ பாரு எங்க இருக்குன்னும் தெரிஞ்சு போச்சு. அந்தத் தரவு யாரு கையில, எத்தனை நாளு, வேற யாருக்குக் கொடுப்பாங்கன்னு கருவியை மாட்டும்போதே எழுத்துல கேட்டு வாங்கணும். எங்க துறையில துல்லியத்தைப் பத்தி மேடை மேடையா பேசுறாங்க, இதைப் பத்திப் பேச ஆளில்ல. அவசர பட்டனை அமுக்குனா மட்டும் முழு துல்லியத்துல இடத்தை அனுப்பி, மத்த நேரம் கிலோமீட்டர் கணக்குல மங்கலா காட்டுற மாதிரி செட் பண்றது பெரிய இன்ஜினியரிங்கே கிடையாது, கேட்டா செஞ்சு தரலாம்.